பக்கத்து மேசைக் கையெழுத்து

மழை பெய்கிறது என்று சொன்னால், ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார் மேடம். சொன்னவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அது அவருக்குப் போதாது. “தலை நனைஞ்சிருக்கு, சரி. குழாயடியிலயும் நனையலாமே?” என்பார். பிறகு எழுந்து போய், கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையில் நாலு சொட்டு விழுந்த பிறகு, “ஆமா, பெய்யுது” என்று எங்களுக்கே செய்தி சொல்வார்.

கடலூரில் நான் படித்த கல்லூரியில் அவர் விலங்கியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். வருடா வருடம் புதுப்பித்தால்தான் வேலை. நான் பி.காம். எனக்கும் விலங்கியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் எல்லோரும் தங்கள் பாடத்துக்கு வெளியே ஒரு தாள் எடுத்தே தீர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. யோகாவும் கம்ப்யூட்டரும் முதல் நாளே நிரம்பிவிட்டன. பெயர் கொடுக்கத் தாமதமாக வந்த பதினாறு பேரை, யாருமே சேராத ஒரு தாளில் தள்ளிவிட்டார்கள். அதன் பெயர் ‘மரபியல் ஆய்வகப் பயிற்சி’. பி.காம்., வரலாறு, தமிழ் இலக்கியம் என்று கலந்து கட்டிய கூட்டம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

வருகைப் பதிவில் “உள்ளேன் மேடம்” என்ற குரலை அவர் நம்ப மாட்டார். தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்த பிறகுதான் பேனா நகரும். டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, சாய்த்து, அடியைப் பார்த்துவிட்டுத்தான் உதட்டில் வைப்பார். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அதே பஸ்ஸில் முட்லூரில் ஏறுவான் யாசின், பரங்கிப்பேட்டைக்காரன், என் வகுப்புத் தோழன். அவன் சொல்வான்: “பதினோரு வருஷமா அதே பஸ்ல வராங்களாம் மச்சான். முன்னாடி போர்டப் படிக்கிறாங்க. கண்டக்டர கேக்குறாங்க. உக்காந்ததுக்கு அப்புறம் பக்கத்து சீட்டு ஆளுகிட்ட, ‘கடலூர்தானே போவுது?’ன்னு இன்னொரு தடவ கேக்குறாங்க. அந்தாளு பயந்துட்டு எறங்கிப் போயி போர்டப் பாக்குறான்.”

முதல் வகுப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி, “மரபணுன்னா என்னான்னு யாருக்காவது தெரியுமா?” பதினாறு பேரும் தரையைப் பார்த்தோம். “யாருக்கும் தெரியாதா? நல்லது” என்று நிம்மதியாகக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ‘நல்லது’ எனக்கு உறுத்தியது. தெரியாதவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆசிரியரை அதுவரை நான் பார்த்ததில்லை.

பாடப் புத்தகம் கிடையாது என்றார். ஆய்வு ஒன்று செய்யப்போகிறோம், அதன் விடை இதுவரை யாருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது என்றார். ஆய்வு ஈக்களைப் பற்றியது. கனிந்த வாழைப்பழத்தைத் திறந்து வைத்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, எள்ளளவுக்கு இருக்கும் பொடி ஈ, அதுதான். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் வருடா வருடம் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். உதிர்ந்து கிடக்கும் முந்திரிப் பழங்களில் மொய்க்கும் இந்த ஈக்கள் மேலும் அது படுகிறது. தலைமுறை தலைமுறையாக மருந்தில் கிடந்த ஈ, மருந்தே படாத வீட்டுக் கொல்லை ஈயைவிட மருந்தை ஜாஸ்தி தாங்குமா? தாங்கினால், அந்தத் தெம்பு அதன் பிள்ளைகளுக்கும் போகுமா? இவ்வளவுதான் கேள்வி.

எங்கள் ஊர் பண்ருட்டிக்குத் தெற்கே. அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. ஆகவே தோப்பு ஈ பிடித்து வரும் வேலை என் தலையில் விழுந்தது. மருந்து படாத ஈக்கு யாசின் வீட்டுக் கொல்லை. அங்கே வாழையும் கொய்யாவும் உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலில் பழத்தைப் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகித் தோப்பில் கட்டித் தொங்கவிட்டேன். அப்பா மருந்தடிக்கும் பம்பைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார்.

“காலேஜ்ல ஈ புடிச்சாரச் சொன்னாங்களா?”

“ஆமாம்ப்பா. எங்க மேடத்தோட ஆராய்ச்சி.”

“நீ பி.காம்.தானடா? மருந்துக் கம்பெனி ஆளா இருக்கும்டா அந்தம்மா. நம்ம தோப்ப வெச்சு எதனா எழுதிடப் போவுது. ஒரு கண்ணு வெச்சுக்க.”

அப்பா சொன்னதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கேன்டீனில் விலங்கியல் மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் என் எதிரில் வந்து உட்கார்ந்து அதையே வேறு விதமாகச் சொன்னான். “எங்களையே மைக்ராஸ்கோப்பத் தொட உட மாட்டாங்க. உங்களுக்கு எடுத்துக் குடுக்குறாங்கன்னா ஏன்னு யோசிச்சீங்களா? நாங்கன்னா எங்க தப்பு நடக்குதுன்னு கண்டுபுடிச்சிடுவோம். நீங்கன்னா சொன்னத எழுதிக் குடுப்பீங்க. உங்கள வெச்சு அவுங்க ஆராய்ச்சிப் பேப்பர் போட்டுப்பாங்க, வேற ஒண்ணும் இல்ல.” அன்றிலிருந்து நான் மேடத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனித்தால் சந்தேகத்துக்குப் பஞ்சமே இல்லை. துணிப்பையில் பச்சை அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்று வைத்திருப்பார். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அதில் எழுதுவார். நூலகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் மட்டும் வந்து அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எங்களிடம் காட்டியதில்லை. மருந்தைக் குழாய்களுக்குள் பூசும் வேலையை அவர் மட்டும் தனியாகச் செய்வார், எங்களை வராந்தாவில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு. மருந்து விஷம், அதனால்தான் என்பார். “விஷம்னு சொல்றாங்க. எப்படித் தெரியும்?” என்று நான் யாசினிடம் அவர் குரலிலேயே கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

‘எப்படித் தெரியும்?’ என்பது அவருடைய கேள்வி. ஒரு நாளைக்கு இருபது முறை கேட்பார். ஈக்களுக்குத் தீனி நாங்களே காய்ச்சினோம். ரவை, வெல்லம், ஈஸ்ட், அது கெட்டியாவதற்குக் கடல்பாசி. யாசின் அதைப் பார்த்ததும் குதித்தான். நோன்பு மாதத்தில் அவன் வீட்டில் பாலும் சர்க்கரையும் போட்டு அதே கடல்பாசியில்தான் வில்லை செய்வார்களாம். அடுத்த வாரம் அவன் அம்மா ஒரு டப்பா நிறையச் செய்து மேடத்துக்குக் கொடுத்தனுப்பினார். மேடம் டப்பாவையும் பார்த்தார், அலமாரியில் இருந்த ஈத்தீனித் தட்டையும் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி பளபளத்தன.

“இதுதான் உங்கம்மா செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?”

“நானே பஸ்ல மடியில வெச்சு எடுத்தாந்தேன் மேடம்.”

“உள்ள வந்ததுக்கு அப்புறம் எங்க வெச்ச?”

ஆய்வகத்துக்குள் ஒரு நிமிடம் மேசைமேல் வைத்திருந்தான். அவ்வளவுதான், டப்பா வராந்தாவுக்குப் போனது. யாசினை முதலில் தின்னச் சொல்லி, கால் மணி நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். “ரொம்ப நல்லாருக்கு. அம்மாகிட்டச் சொல்லு” என்றார். அவன் அம்மாவிடம் இந்தக் கதையில் பாதியைத்தான் சொன்னானாம்.

எண்ணும் நாட்கள் வருவதற்கு முன் அவர் மூன்று விதிகள் போட்டார்.

எந்தக் குழாயில் எந்த ஊர் ஈ என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தோப்பு ஈக்களை நான் இருபது இருபதாகக் கண்ணாடிக் குழாய்களில் அடைக்க வேண்டும், கொல்லை ஈக்களை யாசின் அடைக்க வேண்டும். பிறகு எல்லாக் குழாய்களையும் நூலக அக்கா தனி அறைக்குக் கொண்டுபோய், எண் ஒட்டி, கலைத்து, எட்டு மேசைக்கும் பிரித்து வைப்பார். எந்த எண் எந்த ஊர் என்ற பட்டியல் ஒட்டிய உறையில் முதல்வர் அறைப் பீரோவில் இருக்கும். “ஏன் மேடம் இவ்ளோ?” என்று கேட்டபோது, “சயின்ஸ் படிச்ச பசங்களுக்கு விடை என்னா வரணும்னு முன்னாடியே ஒரு நெனப்பு இருக்கும். கை அந்தப் பக்கமே போவும். உங்களுக்கு அந்த நெனப்பு இல்ல. அதான் உங்க கண்ணு வேணும்” என்றார். அந்த முதல் நாள் ‘நல்லது’க்கு அர்த்தம் அதுதான் போலும். நான் அப்போதும் நம்பவில்லை.

அடுத்தது உயிருக்கும் பிணத்துக்குமான விதி. மருந்துக் குழாயில் ஒரு நாள் கிடந்த ஈ மல்லாந்து கிடக்கும். ஆனால் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். அது உயிரா, பிணமா? தூரிகையால் லேசாகத் தொட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் தன் உடம்பு நீளத்துக்கு நகர்ந்தால் உயிர். இல்லாவிட்டால் பிணம். கல்லூரியில் செல்போனுக்குத் தடை. ஆய்வகச் சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் உடைந்திருந்தது. ஆகவே வாயால் சத்தமாக எண்ண வேண்டும்.

கடைசி விதி கையெழுத்து. எண்ணிய பக்கத்தின் அடியில் எண்ணியவர் கையெழுத்துப் போட்டால் செல்லாது. பக்கத்து மேசைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போட வேண்டும். நான் நாலாவது மேசை, யாசின் ஐந்தாவது. என் பக்கத்தில் அவன் போடுவான், அவன் பக்கத்தில் நான் போடுவேன். அவன் ஒருநாளும் பார்த்துப் போட்டதில்லை. “ஒன்ன நம்பாம வேற யார நம்புறது மச்சான்” என்று சொல்லிக்கொண்டே பேனாவை இழுத்துவிட்டுப் போவான். மேடம் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, “நம்புறவன் கையெழுத்துல என்னாப்பா இருக்கு?” என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவு விதி போடுகிறவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பட்டியலை எழுதும் அக்கா அவருடைய ஆள். உறையை அவர் நினைத்தால் மாற்றலாம், எண்ணையும் மாற்றலாம், தனக்கு வேண்டிய விடையை வரவழைத்துக்கொள்ளலாம். நாங்கள் பதினாறு மண்ணாந்தைகள் அதற்குச் சாட்சி. நானா ஏமாறுவேன்? குழாய்களில் ஈ அடைப்பதற்கு முந்தின நாள், தங்கையின் நிறமில்லாத நெயில் பாலிஷை எடுத்துப் போய், நான் அடைக்கப்போகிற ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு பொட்டு வைத்தேன். நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் மினுக்கும். உறையைப் பிரிக்கும் நாளில், பொட்டு வைத்த குழாயை அவர் ‘பரங்கிப்பேட்டை’ என்று படித்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். அன்று என்னைப்போலப் புத்திசாலி கடலூர் ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணிக்கை தொடங்கியது. தாய் தகப்பன் ஈக்கள் ஒரு சுற்று, பிழைத்தவற்றின் பிள்ளைகள் இன்னொரு சுற்று. வாரம் ஒரு நாள் எண்ண வேண்டும், மொத்தம் நாலு வாரம்.

இதற்குள் வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டிருந்தது. பண்ருட்டி கட்சி, பரங்கிப்பேட்டை கட்சி. கபடிப் போட்டிக்கு நிற்பதுபோலத்தான். “எங்க ஊரு ஈ மருந்தையே கொழம்பு மாதிரி குடிக்கும்டா” என்பேன் நான். “எங்க ஈ கடக்காத்து குடிச்சு வளந்தது மச்சான், உங்க முந்திரிக்கொட்டையெல்லாம் கிட்ட நிக்காது” என்பான் யாசின். தமிழ் இலக்கியப் பெண்கள்கூடக் கட்சி சேர்ந்து கத்தினார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் அந்த விளையாட்டோடு நான் குழாயைக் கையில் எடுத்தேன். கண் தானாக அடிப்பக்கம் போனது. பொட்டு இருந்தது. எங்கள் ஊர் ஈ.

இருபதில் ஒன்று மல்லாந்து கிடந்தது. கால் ஆடியது. தூரிகையால் தொட்டு எண்ணினேன். ஒன்று… இரண்டு… மூன்று… மெதுவாக, அதற்கு மூச்சு வாங்க நேரம் கொடுப்பதுபோல. ஏழில் அசைந்தது, ஒன்பதில் புரண்டது, பத்தில் நகர்ந்தேவிட்டது. உயிர்! அடுத்த குழாயில் பொட்டு இல்லை. அதிலும் ஒன்று மல்லாந்து கிடந்தது. தொட்டேன். ஒன்று இரண்டு மூன்று நாலு என்று கடகடவென்று பத்துக்குப் போய்விட்டேன். பிணம். என் மேசையிலேயே எதிரே உட்கார்ந்து நான் சொல்வதை எழுதிக்கொண்டிருந்த வரலாற்றுத் துறைப் பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. இன்றும் அடித்துச் சொல்வேன். எண்ணும்போது எண்ணுவதாகத்தான் நினைத்தேன். இரண்டு விதமாக எண்ணுகிறேன் என்பது எனக்கே தெரிய இரண்டு வாரம் ஆனது. தெரிந்த பிறகும் கையும் வாயும் அதே போக்கில்தான் போயின. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. இப்போது விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு மதிப்பீடு எழுதுவது என் தொழில். தெரிந்தவர் வண்டி என்றால் நான் தொட மாட்டேன், வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவேன். நேர்மைக்காரன் என்று ஆபீசில் பெயர். நேர்மை இல்லை, பயம். என் வாயில் இரண்டு விதமான பத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மேடம் ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் வந்து நிற்பார். என் பின்னால் வந்து நின்றால் சோப்பு வாசனை வரும். எண்ணி முடித்த குழாய் ஒன்றை எடுத்து, டீ கிளாஸைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் சாய்ப்பார். நான் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். குழாயைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் முதல்வர் ஆய்வகத்துக்கு வந்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டு எங்கள் முன்னாலேயே சொன்னார்: “சிதம்பரத்துல அடுத்த மாசம் கருத்தரங்கு இருக்கு. அங்க உருப்படியா ஒரு ரிசல்ட் காட்டுங்க. இல்லன்னா அடுத்த வருஷம் இந்தப் பேப்பர் கெடயாது. இந்தப் பேப்பர் இல்லன்னா உங்களுக்கு இங்க கிளாஸ் அவர்ஸும் கெடயாது மேடம். எனக்கு வேற வழி இல்ல.” மேடம் தலையாட்டினார். முதல்வர் போன பிறகு, கீழே விழுந்திருந்த பஞ்சு ஒன்றை எடுத்துக் குப்பையில் போட்டார். அவருடைய வேலை எங்கள் எண்களில் தொங்குகிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கடைசி எண்ணிக்கை முடிந்ததும் உறையைப் பிரித்தார்கள். எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அக்கா ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நான் என் மேசைக் குழாய்களைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டு வைத்தவை எல்லாம் பண்ருட்டி, வைக்காதவை எல்லாம் பரங்கிப்பேட்டை. ஒன்றுகூட மாறவில்லை. மேடம் எதையும் மாற்றவில்லை.

ஏழு மேசைகளில் இரண்டு ஊர் ஈக்களும் ஏறக்குறைய சமமாகத்தான் செத்திருந்தன. என் மேசையில் மட்டும் தோப்பு ஈ அமோக வெற்றி. தகப்பனும் வென்றது, பிள்ளையும் வென்றது. பண்ருட்டி கட்சி மேசையைத் தட்டியது. என் எண்களையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தத்தில் தோப்பு ஈ பக்கம் தராசு சாய்ந்துவிடும். கருத்தரங்கில் காட்டலாம், முதல்வர் கை தட்டுவார், மேடத்தின் வேலை நிலைக்கும். இதையெல்லாம் நான் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட வேண்டும் என்று பத்து நாளில் நாலு முறை ஆய்வக வாசல் வரை போனேன். சொன்னால் அவர் வேலை போய்விடும் என்று ஒவ்வொரு முறையும் திரும்பினேன். என் மானம் போய்விடும் என்பதும் அதற்குள் இருந்தது. அதை மட்டும் அப்போது என்னிடம்கூட நான் சொல்லிக்கொள்ளவில்லை.

கருத்தரங்குக்கு யாசினையும் என்னையும் கூட்டிப் போனார். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அரங்கம். முதல் வரிசையில் எங்கள் முதல்வர். மேடம் திரையில் ஏழு மேசைகளின் படத்தைக் காட்டினார். “வித்தியாசம் இல்ல” என்றார். பிறகு நாலாவது மேசையின் படத்தைக் காட்டினார். அரங்கில் சலசலப்பு. முதல்வர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்த மேசையில பெரிய வித்தியாசம் இருக்கு. ஆனா இத நான் கணக்குல எடுக்கல. குழாய்ல ஒரு அடையாளம் இருந்துது. எது எந்த ஊருன்னு இந்த மேசையில எண்ணுனவங்களுக்கு மட்டும் தெரியும். அடையாளம் இருக்குறது எனக்கும் தெரியும்.”

“அப்ப உங்க முடிவுதான் என்னங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“தோப்பு ஈ ஜாஸ்தி தாங்குதுன்னு எங்களால சொல்ல முடியலங்க.”

நாலைந்து பேர் கை தட்டினார்கள். முதல்வர் தட்டவில்லை. யாசின் திரும்பி என்னைப் பார்த்தான். பார்க்காமல் போட்ட கையெழுத்துகள் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் அந்தத் தாளின் இடத்தில் பொது அறிவு வந்தது. விலங்கியல் துறைப் பலகையில் மேடத்தின் பெயர் இல்லை. எங்கே போனார் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் இன்னொருவரைக் கை காட்டினார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் முதல்வர் தன் காரில் போய்விட்டார். மேடம் வீடு சிதம்பரத்திலேயே இருந்தும் எங்களோடு கடலூர் பஸ் ஏறினார். கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பை அன்றே திருப்பி வைக்க வேண்டுமாம். “அதுவும் இல்லாம நீங்க ஒழுங்கா போய்ச் சேந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். முட்லூரில் யாசின் இறங்கிக்கொண்டான். மேடம் முன் சீட்டிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மைக்ராஸ்கோப் பெட்டி அவர் மடியில் இருந்தது.

புதுச்சத்திரம் தாண்டிய பிறகு கேட்டேன்.

“எப்ப மேடம் பாத்தீங்க?”

“ரெண்டாவது வாரம். மொதல்ல காதுலதான் விழுந்துது. ஒன் பத்து ரெண்டு தினுசா இருந்துது. ஒண்ணு பாசஞ்சர், ஒண்ணு எக்ஸ்பிரஸ். அப்பறம்தான் குழாயத் தூக்கிப் பாத்தேன்.”

“நீங்க எதனா மாத்திடுவீங்கன்னு நெனச்சுதான் மேடம் பொட்டு வெச்சேன். எண்ணிக்கையில ஏமாத்தணும்னு இல்ல.” எனக்கு அழுகை முட்டியது. பக்கத்து சீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“என் மேல சந்தேகப்பட்டது தப்பில்ல. பதினாறு பேர்ல நீ ஒருத்தன்தான் அந்த வேலையச் செஞ்ச. ஆனா அடையாளம் வெச்சவன் எண்ணக் கூடாதுப்பா. பக்கத்து மேசைக்குத் தள்ளி உட்டிருக்கணும்.”

கோபமே இல்லாத அந்தக் குரல்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. “ரெண்டாவது வாரமே தெரிஞ்சிது இல்ல மேடம், அப்பவே ஏன் நிறுத்தல?”

ஆலப்பாக்கம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். துணிப்பையிலிருந்து அந்தப் பச்சை அட்டை நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, மைக்ராஸ்கோப் பெட்டிமேல் வைத்து என் பக்கம் திருப்பினார். செமஸ்டர் முழுக்க நான் எட்டிப் பார்க்கத் துடித்த நோட்டு. சின்ன எழுத்தில் இப்படி இருந்தது:

‘குழாய்களில் அடையாளம் இருக்கிறது. நாலாம் மேசையில் எண்ணுகிறவருக்கு அது தெரியும். நான் நிறுத்தவில்லை. இந்த முடிவு எனக்கு வேண்டும்.’

அடுத்த வாரத்துப் பக்கத்தில், ‘இன்றும் பார்த்தேன். நிறுத்தவில்லை.’ அதற்கடுத்த பக்கத்தில், ‘இன்றும்.’

மற்ற எல்லாப் பக்கங்களின் அடியிலும் நூலக அக்காவின் கையெழுத்து இருந்தது. இந்த மூன்றில் மட்டும் இடம் காலியாக இருந்தது. அவர் பேனாவின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

“அந்த அக்கா என்னைய ரொம்ப நம்புறவங்க. இதுக்கு அவுங்க கையெழுத்து செல்லாது. நீ போடு.”

போட்டேன். மூன்று முறை. பஸ் குலுங்கியதில் என் பெயர் கோணல்மாணலாக விழுந்தது. கண்ணில் நீர் வேறு மறைத்தது. அவர் நோட்டை வாங்கிக்கொண்டார். பையிலிருந்து, யாசினின் பக்கத்தில் நான் என்றோ கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது ஒன் கையெழுத்துதானே?” என்றார்.